விழுங்கிய பதில்கள்

1. எரிந்த மோட்டர்

"மிஸ், எங்கட வீட்டுத் தண்ணி மோட்டர் ரெண்டாவது தரமும் எரிஞ்சி போச்சி."

உளநலப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு மனிதர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. கல்முனைக் கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் உளவளத்துணையாளராகப் பல வருடம் இருந்துவிட்டேன். காதல், கடன், கசப்பு, வெளிநாட்டுக்குப் போன மாப்பிள்ளை திரும்பி வராத கதை எல்லாம் கேட்டிருக்கிறேன். மோட்டர் புதிது.

"மோட்டருக்கா இஞ்ச வந்தீங்க?"

"மோட்டர் கடைக்காரன்தான் மிஸ் சொன்னான். மோட்டர்ல பிழையில்ல, ஒங்கட வீட்டுலதான் என்னமோ பிழை இரிக்கி, இவ்வளவு தண்ணிய யாருக்கு ஊத்துறீங்க எண்டு கேட்டான். எனக்கு அழுகை வந்திட்டு."

எங்கள் அறை பல் சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்து அறை. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். வழியில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் பல்வலி என்று சொல்லலாம் அல்லவா. இவர் கன்னத்தைப் பிடிக்கவில்லை. தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். பெயர் ஜவ்பர் என்று வைத்துக்கொள்வோம். இறக்காமத்துக்காரர். சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவியின் வீட்டில் குடியிருக்கிறார். அரிசி லொறி ஓட்டியவர். இப்போது ஓட்டவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"புள்ளயப் பாக்க ஆள் இல்ல மிஸ்."

"உம்மா?"

"உம்மா இரிக்கா. இரிந்தும் இல்ல."

அவர் மனைவி ஸில்மியாவுக்கு வஸ்வாஸ் என்றார். எங்கள் ஊரில் இந்தச் சொல்லைத் தெரியாதவர் இல்லை. தொழுகைக்குமுன் கை கால் முகம் கழுவும் வுழூவில் கழுவியது கழுவியதுதானா என்று மனதுக்குள் ஒருவன் கேட்டுக்கொண்டே இருப்பான். எல்லோரிடமும் கொஞ்சம் கேட்பான். சிலரிடம் விடாமல் கேட்பான். ஸில்மியா குழாயைத் திறந்தால் மூடுவதில்லை. தவழத் தொடங்கிவிட்ட மகளை அவள் தொடுவதில்லை. பிள்ளையின் சிறுநீர் நஜீஸ், அசுத்தம், அது உடம்பில் பட்டிருந்தால் தொழுகை கூடாது, படவில்லை என்பதற்கு என்ன உறுதி? குளியலறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு இருந்து, "ஓம் ஸில்மி, மூணு தரம் சரி, நான் பாத்தன்" என்று சாட்சி சொல்வது ஜவ்பரின் தொழிலாகிவிட்டது. லொறி ஓட்டுவது அதைவிட லேசு என்றார்.

2. பிள்ளையைத் தூக்கும் நாட்கள்

"எப்ப தொடங்கின?" என்று கேட்டேன்.

"புள்ள கிடைச்சி நாப்பது கழிஞ்சி குளிச்ச நாள்ல இரிந்து."

அதற்கு முன்?

"அதுக்கு முன்ன புள்ளய இறக்கவே மாட்டா."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எதையோ சொல்ல வந்து, தொப்பியைப் பார்த்து, விழுங்கி, மறுபடி வந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"மாசத்துல கொஞ்ச நாள் நல்லா இரிக்கா மிஸ்."

"எந்த நாள்?"

"அதுதான்... பொம்புளையளுக்குத் தொழுகை இல்லாத நாள். அந்த நாள்ல முத்துவா, குளிப்பாட்டுவா, மடியில போட்டுப் பாட்டுப் படிப்பா. மேல மூத்திரம் பெய்ஞ்சாலும் சிரிச்சிக்கிட்டு இரிப்பா. பிறகு குளிச்சித் தொழுகைக்கு நிண்டாவெண்டா அவ்வளவுதான். புள்ளயக் கிட்டக் கொண்டு போனா சுவரோட ஒட்டிக்குவா. புள்ளைக்கு விளங்குமா மிஸ்? நேத்து மடியில வச்சிருந்த உம்மா இண்டைக்கு ஏன் ஓடுறா எண்டு?"

பேனையை வைத்துவிட்டேன். சன்னலுக்கு வெளியே கச்சான் காற்று மணலை அள்ளிச் சைக்கிள் நிறுத்தத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மாதத் தவணையில் தாயைப் பெறும் ஒரு பிள்ளை.

"அதப் பாத்துத்தான் எங்கட ராத்தா நடிப்பு எண்டு சொல்றா" என்றார் ஜவ்பர். "வேணுமெண்டாத் தூக்குறா, வேணாமெண்டாத் தள்ளுறா, இது என்ன வருத்தம் எண்டு."

ராத்தா என்றது அவருடைய மூத்த சகோதரியை. இறக்காமத்தில் இருக்கிறார். வயலும் மாடும் வீடு நிறைய நெல்லும் உண்டு, பிள்ளை இல்லை. வேளாண்மை வெட்டு முடிந்ததும் வந்து பிள்ளையைக் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஜவ்பரும் அரை மனதோடு ஓம் என்று சொல்லிவிட்டார்.

"புள்ள போனா ஸில்மி திரும்ப எழும்ப மாட்டா மிஸ். போகாட்டி நான் தொழிலுக்குப் போகேலா. நீங்களே சொல்லுங்க."

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் தங்கச்சி தம்பிமாருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். குடும்பம் நடிப்பு என்று சொல்லும் இடத்தில்தான் நோய் தன் முகவரியைக் கொடுக்கிறது. தொழுகை இல்லாத நாட்களில் வஸ்வாஸுக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அதனால் அவள் தாயாக இருக்கிறாள். குற்றம் தொழுகையில் இல்லை. இந்த நோய் மனிதர் எதை அதிகமாக நேசிக்கிறாரோ அங்கே போய்க் கூடு கட்டும். விருந்தினரை நேசிப்பவருக்குச் சமையலறையில் வரும், பிள்ளையை நேசிப்பவருக்குக் கத்தியைக் கண்டால், பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்று வரும். ஸில்மியா தன் தொழுகையை நேசித்தாள்.

3. பழம் போட்டுப் பழக்கிய யானை

ஸில்மியா வந்தபோது கைகளை அபாயா அங்கிக்குள் இழுத்து ஒளித்திருந்தாள். மேசைமேல் வைக்கச் சொன்னேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்து, கரையில் காயப்போட்ட வலைக்கயிறு மாதிரி இருந்தன.

"மத்ரஸாவுல முதலாம் ஆள் மிஸ் நான். வுழூட பாடத்த மத்தப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவ. இப்ப ஒரு வுழூவ முடிக்கேலாம பைப்புக்குக் கீழ நிண்டு அழுறன். சிரிப்பா இல்லியா?"

"நான் சிரிக்கல்லியே."

"சிரிங்க மிஸ், பரவால்ல. எனக்கே சிரிப்பு வருது. விளங்காம செய்யல்ல. விளங்கிக்கிட்டே செய்றன் பாருங்க, அதுதான் வருத்தம்."

பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். சிரிப்பு போய்விட்டது.

"புள்ளய நான் வெறுக்கிறன் எண்டு மதினி, இவர்ட ராத்தா, சொல்றாவாம். புள்ளட தலை மணத்துக்கு என்ட நெஞ்சு இழுபடும் மிஸ். தூக்கினா தொழுகை போயிடும். தூக்காட்டிப் புள்ள போயிடும்."

எங்கள் பிரிவு டொக்டர் குளிசை எழுதினார். குளிசை வஸ்வாஸின் சத்தத்தைக் குறைக்கும், பேச்சை நிறுத்தாது, அது உங்கள் பக்கத்து வேலை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை என்றால் எண்ணத்தோடு வாதாடி வெல்வது என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. மனச்சோர்வில் கிடக்கும் ஒருவர் "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்றால் அந்த எண்ணத்தை உட்கார வைத்துச் சாட்சி கேட்கலாம். வஸ்வாஸோடு அது சரிவராது. ஒரு சாட்சி கொடுத்தால் அது இரண்டு கேட்கும், இரண்டு கொடுத்தால் சாட்சியின் கண்பார்வையைச் சந்தேகிக்கும். இதற்கு நாங்கள் செய்வது எக்ஸ்போஷர். பயப்படுகிற பொருளுக்குப் பக்கத்தில் போய் நிற்பது, நின்றபின் வழமையாகச் செய்வதைச் செய்யாமல் இருப்பது. கழுவாமல், கேட்காமல், திரும்பிப் பார்க்காமல். பயம் ஏறும். ஏறியது தானாக இறங்கும். இறங்கும் என்று நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அவளுடைய உடம்பு அதைப் பார்க்கவேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கினேன். "ஸில்மியா, நஜீஸோட தொழுங்க எண்டு நான் ஒரு நாளும் கேக்க மாட்டன். பட்டது தெரிஞ்சாக் கழுவுங்க, எல்லாரும் கழுவுற மாதிரி ஒரு தரம். பிறகு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோட தொழுங்க. அவ்வளவுதான் என்ட வேலை."

"சந்தேகத்தோடயா?" அதைவிட நஜீஸ் லேசு என்பது போல என்னைப் பார்த்தாள்.

ஜவ்பரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். இனி அவள் கேட்டால் சாட்சி சொல்லக்கூடாது என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "கேட்டா எப்படி மிஸ் சொல்லாம இரிக்கிற? கண்ணால தண்ணி வரும் அவக்கு."

"சொன்னா நிக்குதா?"

"கொஞ்சம் நிக்கும். பிறகு கூடும்." திடீரென்று நிமிர்ந்தார். "மிஸ், நான் லொறி ஓடக்குள்ள காட்டு ரோட்டுல ஒரு யானை நிக்கும். முந்தி ஒரு டிரைவர் வழி விடட்டும் எண்டு வாழப்பழம் வீசினான். விட்டிச்சி. அடுத்த நாளும் நிண்டிச்சி. இப்ப பழம் இல்லாம ஒரு வாகனத்தையும் போக விடுதில்ல. அதப் பழக்கினது நாங்கதான். நான் வீட்டுக்குள்ளயும் பழம்தானா வீசிக்கிட்டு இரிந்திருக்கன்?"

"அப்ப நான் யானையா?" என்றாள் ஸில்மியா.

"நீ ரோட்டுல மாட்டிக்கிட்ட வாகனம்" என்றார் ஜவ்பர். அந்த அறையில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

பயங்களை ஏணிப் படிகளாக அடுக்கினோம். அடிப்படியில், துவைத்துக் காய்ந்த பிள்ளையின் சட்டை. நடுவில், பெம்பர்ஸ் கட்டிய பிள்ளை. உச்சியில், ஒன்றும் கட்டாத பிள்ளை மடியில், அதன்பின் தொழுகை. வுழூவுக்குக் குழாய் இல்லை, ஒரு ஜக் தண்ணீர், முடிந்தால் முடிந்ததுதான்.

முதற்படியை என் அறையிலேயே ஏறினோம். மஞ்சள் நிறச் சின்னச் சட்டையை மடியில் வைத்தேன். பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டேன். எண்பது என்றாள். கொஞ்சம் பொறுத்துத் தொண்ணூறு. உதட்டுக்கு மேல் வேர்த்தது. காலைப் பின்னுக்கு இழுத்தாள், ஆனால் சட்டையைத் தள்ளவில்லை. "இது துவைச்ச சட்டைதானே மிஸ்?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தாய் கேட்கிறாள், ஓம் என்ற ஒரு சொல் போதும், அது என் நாக்கின் நுனியில் நிற்கிறது. அதைச் சொல்லாமல் ஆனால் முகத்தைத் திருப்பாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி. மின்விசிறி சுற்றியது. பக்கத்து அறையில் யாருடைய பல்லையோ துளைத்தார்கள். எழுபது என்றாள். பிறகு ஐம்பது. கேட்காமலே சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டிருந்தாள். எப்போது போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

4. மௌலவியின் கைப்பேசி

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது. அளவுக்கு மீறி நன்றாக. ஒவ்வொரு செஷனுக்கும் ஸில்மியா சிரித்துக்கொண்டு வந்தாள். ஹோம்வேர்க் எல்லாம் சரி. பயத்தின் எண் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பெம்பர்ஸ் கட்டிய பிள்ளையைத் தூக்கிவிட்டாளாம், பயம் முப்பதுதானாம். அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் சந்தோஷப்படமாட்டார்கள். காயம் உலர்கிற வேகத்துக்கு ஒரு அளவு இருக்கிறது.

"ஜவ்பர் சாட்சி சொல்றாரா?"

"அல்லாஹ்வே, அவர் வாயைத் தைச்சிட்டார் மிஸ். கேட்டா மாட்டுக்கு வைக்கோல் போடப் போறார். எங்கட வீட்டுல மாடு இல்ல."

"அப்ப யாருட்டக் கேட்டீங்க?"

சிரிப்பு நின்றது. "மார்க்க விஷயம்தானே மிஸ். மௌலவிட்ட கேட்டன். அது பிழையா?"

ஸில்மியாவின் சம்மதத்தோடு அவர்களுடைய பகுதி மௌலவியைத் தேடிப் போனேன். நல்ல மனிதர். யாருடைய வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுமுன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர். விஷயத்தைச் சொன்னதும் கைப்பேசியை எடுத்து என் பக்கம் திருப்பினார். திரை முழுக்கக் குரல் பதிவுகள். விரலால் தள்ளினார், தள்ளத் தள்ள வந்தன.

"பாருங்க மிஸ். சுபஹுக்கு எழும்பினா இந்தப் புள்ளட வொய்ஸ். பெம்பர்ஸ்ட ஓரத்துல ஈரம் எண்டு தெரிஞ்ச மாதிரி இரிந்திச்சாம், ஆனா இல்லியாம், அப்ப என்ன சட்டமாம். ஹதீஸோட சொன்னன். அதுக்குள்ள இருந்து நாலு கேள்வி. கிதாபப் பாத்துச் சொன்னன். இப்ப நான் கிதாப் ஓதுறதே இவக்குத்தான்."

"நீங்க பதில் சொன்ன பிறகு கேள்வி குறைஞ்சதா?"

"கூடிட்டு." தாடியைத் தடவினார். "ஆனா நான் என்ன செய்ய? மார்க்கத்துல ஒரு ஆள் சந்தேகம் கேட்டா, தெரிஞ்சிக்கிட்டு சொல்லாம இரிக்கேலா. இல்ம, மார்க்க அறிவ மறைச்ச குத்தம் என்ட கழுத்துல வரும். அதோட இன்னொண்டும் இரிக்கி, கோவிக்காதீங்க. நீங்க அந்தப் புள்ளய நஜீஸோட தொழ வைக்கிறீங்களாம் எண்டு ஊர்ல கதை."

ஸில்மியாவிடம் சொன்னதையே, பயத்துக்கு எண் வைப்பதையும் சேர்த்து, அவரிடமும் சொன்னேன். கழுவவேண்டியதைக் கழுவட்டும், கழுவியபின் வரும் சந்தேகத்துக்குத் தீனி போடவேண்டாம். மௌலவி மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. பார்ப்போம் என்றார். அவருடைய பயத்தையும் நான் மதித்தேன். நான் தொழிலுக்காகப் பேசாமல் இருக்கிறேன். அவர் பேசாமல் இருந்தால் மறுமையில் பதில் சொல்லவேண்டும்.

சில நாள் கழித்து எங்கள் கதவடியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மௌலவி நின்றார்.

"பல்லா மௌலவி?"

"பல்லுத்தான்" என்றார் பக்கத்தில் போன ஒருவருக்குக் கேட்கும்படி. உள்ளே வந்து கதவைச் சாத்தியபின் கையை எடுத்தார். "மிஸ், நான் பாத்திட்டன். வஸ்வாஸ் பிடிச்ச ஆளுக்கு எங்கட பெரிய ஆலிம்களும் சொல்ற மருந்து ஒண்டுதான். கணக்கெடுக்காம விட்டுட்டுப் போறது. சந்தேகத்துக்காகத் திருப்பிச் செய்யாம இரிக்கிறது. நான் ஓதின பாடம்தான். அவ கேள்வி கேட்ட வேகத்துல, கேள்விக்குப் பதில் சொன்னேனே தவிர ஆளைப் பாக்கல்ல. இனி அவக்குப் பதில் சொன்னாத்தான் எனக்குக் குத்தம்."

என் மேசையில் இருந்தபடியே அவளுக்குக் கடைசிக் குரல் பதிவை அனுப்பினார். "மகள், வுழூ, நஜீஸ் பத்தி நீங்க இனிக் கேக்கிறதுக்கு நான் பதில் சொல்ல மாட்டன். இதுதான் உங்களுக்குரிய பதில். மத்த எதுக்கும் இந்த வாப்பாட கதவு திறந்துதான் இரிக்கி."

உடனே திரும்பி வந்தது அவளுடைய குரல். "அப்ப மௌலவி, இதுக்கு முந்திச் சொன்ன பதில் எல்லாம் செல்லுமா? அத மட்டும் சொல்லுங்க."

மௌலவியின் பெருவிரல் திரைமேல் அசைந்தது. வாய் அசைந்தது. பிறகு கைப்பேசியைக் கவிழ்த்துத் தன் தொப்பியால் மூடிவிட்டார். நெற்றி வேர்த்திருந்தது. "எண்பது" என்றார் என்னிடம். "எனக்கே எண்பது மிஸ்."

அதன்பின் ஸில்மியாவுக்கு மோசமான காலம் வந்தது. பதில் சொன்ன வாய்கள் எல்லாம் மூடிவிட்டன. பயத்தின் எண் மறுபடி ஏறியது. என்னோடு கோபித்தாள், ஒரு செஷனுக்கு வராமல் விட்டாள். மறுவாரம் கண் வீங்கி வந்து, "நீங்க எல்லாரும் சேந்து என்னைத் தனியா விட்டுட்டீங்க" என்றாள். "தனியா விடல்ல, இஞ்சதான் இரிக்கம்" என்றேன். அன்று அவள் ஏணியின் நடுப்படியில், பெம்பர்ஸ் கட்டிய மகளைத் தூக்கிக்கொண்டு, ஒருவரையும் கேட்காமல் நின்றாள். பயம் தொண்ணூற்றைந்து. உண்மையான எண். அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

5. மதினி வந்த நாள்

இறக்காமத்தில் வெட்டு முடிந்தது. ஜவ்பர் அழைத்தார். "ராத்தா நாளைக்கு வாறா மிஸ். புள்ளட சாமானெல்லாம் கட்டி வைக்கச் சொல்லிட்டா. நீங்க வந்தா நல்லம்."

ஏணியின் உச்சிப்படியை ஸில்மியா இன்னும் தொடவில்லை. நான் போனேன்.

பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கொஞ்சம் முந்தி வான் வந்து நின்றது. மதினி இறங்கினார். கனத்த உடம்பு, வெயிலில் காய்ந்த முகம், கையில் முட்டி நிறைய எருமைத் தயிர். சொல்லிக்கேட்டு மனதில் வரைந்து வைத்திருந்த வில்லியை அந்த முகத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. பிள்ளையைக் கண்டதும் தயிர் முட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவந்து தூக்கினார்.

"நீங்கதான் மிஸ்ஸா?" என்றார் என்னிடம். "எனக்குப் புள்ள இல்ல எண்டதால ஆசையில கேக்கிறன் எண்டு நினைப்பீங்க. ஓம், ஆசைதான். மறைக்க மாட்டன். ஆனா போன முறை வந்த நேரம், இது உம்மாட காலடிக்குத் தவழ்ந்து போகுது, உம்மா கதிரையில ஏறி நிக்கிறா. இது கீழ இரிந்து கையத் தூக்கிக்கிட்டு இரிக்கி. அதப் பாத்திட்டு இறக்காமம் போய்ச் சேருமட்டும் அழுதன். நடிப்போ வருத்தமோ, அந்தப் புள்ளைக்கு எல்லாம் ஒண்டுதானே மிஸ்?"

சரியாகத்தான் சொன்னார்.

ஸில்மியா சுவரோரம் கதிரையில் இருந்தாள். ஜக் தண்ணீரில் வுழூ எடுத்து முடித்திருந்தாள், சட்டைக் கை நுனியில் ஈரம். மதினியின் மடியில் பிள்ளை. வெக்கைக்குப் பெம்பர்ஸ் வேண்டாம் என்று மதினியே கழற்றிவிட்டிருந்தார். பாங்கு தொடங்கியது. அதே நேரம் மதினி, "அட, அட" என்று எழும்பினார். சாரியில் இருந்து தரைக்கு நீர் ஓடியது.

எல்லோரும் ஸில்மியாவைப் பார்த்தோம். பார்க்கக்கூடாது என்று தெரிந்தும் நானும் பார்த்தேன்.

அவள் எழும்பினாள். சுவர்ப் பக்கம் போகவில்லை. நடந்து வந்து, "இஞ்ச தாங்க மதினி" என்று கையை நீட்டினாள். பிள்ளை நம்பவில்லை. மதினியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்த்தது. பிறகு முழு உடம்பையும் அவள்மேல் போட்டது. நனைந்த பிள்ளை. அவளுடைய கையும் நெஞ்சுப் பக்கமும் நனைந்தன.

கிணற்றடிக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம், கூப்பிடாத சாட்சிகள் மாதிரி. பிள்ளையைக் கழுவினாள். தன் கையையும் சட்டையில் பட்ட இடத்தையும் கழுவினாள். ஒரு தரம். வாளியில் மீதித் தண்ணீர் இருந்தது. கை வாளியின் மேல் நின்றது, திரும்பி வந்தது. ஜவ்பரைப் பார்த்தாள். வாய் திறந்தது. ஜவ்பர் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டார். அவருடைய தொண்டை ஏறி இறங்கியதைக் கண்டேன்.

மதினிக்கு எங்கள் ஏற்பாடு ஒன்றும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்து அவருக்கு மனம் இளகிவிட்டது. "ஓம் மகள், போயிட்டு, சுத்தமாயிட்டு. நான் பாத்தன், நான் பொறுப்பு" என்றார்.

"சொல்லாதீங்க மதினி" என்றாள் ஸில்மியா.

"என்னகா?"

"அத எனக்குச் சொல்லாதீங்க." குரல் உடைந்துதான் வந்தது. "கேட்டா எனக்கு இன்னம் கேக்கணும் போல வரும்."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். தொழுகைப் பாய் விரிக்கும் சத்தம். மதினி, "நல்லதுதானே சொன்னன்" என்று ஜவ்பரிடம் மெல்லக் கேட்டார். "நல்லதுதான் ராத்தா, அதுதான் கூடா" என்று அவர் எதையோ விளக்கத் தொடங்கி, குழம்பி, விட்டுவிட்டார். ஏனென்றால் எல்லோருக்கும் காது உள்ளேதான் இருந்தது. முன்பெல்லாம் அவள் தொழுகையைத் தொடங்கும் தக்பீர் சொல்வாள், சந்தேகப்படுவாள், திருப்பிச் சொல்வாள், முற்றத்தில் நிற்பவருக்கு அது விக்கல் மாதிரிக் கேட்கும்.

அல்லாஹு அக்பர் என்று ஒரு தரம் கேட்டது. நாங்கள் காத்திருந்தோம். இரண்டாவது தரம் கேட்கவில்லை.

திரை காற்றில் விலகிய நேரம் பார்த்தேன். அவள் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் இருந்தாள். பிள்ளை முதுகில் ஏறி முக்காட்டோடு கொண்டையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றும் கட்டாத பிள்ளை. தலையை அவள் உடனே தூக்கவில்லை. பிள்ளை தானாக வழுக்கி இறங்கும்வரை அப்படியே இருந்தாள்.

மதினி வாசற்படியில் குந்திவிட்டார். சாரி நனைந்தபடியே, அதைக் கழுவும் எண்ணமே இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து, பிள்ளைக்கென்று தான் வாங்கி வந்த புதுச் சட்டைகளை அதற்குள் வைத்து, ஜவ்பரிடம் தள்ளினார். "இண்டைக்கு விட்டுட்டுப் போறன். எல்லாம் சரியாப் போச்சி எண்டு நினைச்சி இல்ல. பாத்துக்கிட்டுத்தான் இரிப்பன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "தயிரத் திண்டுட்டுப் போங்க மிஸ்" என்றார்.

ஜவ்பர் மறுபடி லொறி ஓட்டத் தொடங்கியது அதற்குப் பிறகு கன நாள் கழித்துத்தான். இடையில் ஸில்மியா இரண்டு படி இறங்கினாள், ஒரு படி ஏறினாள். நோன்பு வந்த மாதம் மிகவும் கஷ்டப்பட்டாள். இதையெல்லாம் நான் ஒளிக்கப்போவதில்லை. ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் ஒரு நல்ல நாளைப் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள்.

பேசுவதற்கு என்று சம்பளம் வாங்கும் தொழில் இது. ஆறுதல் சொல்வது நம் கைவேலை என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். ஆறுதல் சில வீடுகளில் மருந்து, சில வீடுகளில் அதுவே நோயின் உணவு. எந்த வீடு எது என்று கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். கண்டுபிடித்தபின், பதிலை விழுங்கிவிட்டு எழும்பிப் போய்விடாமல் பக்கத்திலேயே இருக்கவேண்டும். எழும்பிப் போனால் அது கொடுமை. இருந்தால் சிகிச்சை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

அன்று தயிர் சாப்பிட்டுவிட்டு நான் புறப்பட்டபோது ஸில்மியா கேற்றடி வரைக்கும் வந்தாள். பிள்ளை அவள் தோளில் தூங்கியிருந்தது. நான் ஸ்கூட்டியைத் திருப்பினேன். அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு முழுசாச் சுகமாகுமா மிஸ்?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்று சொல்வது மூச்சு விடுவது போல லேசு. வேறொரு வீட்டில் என்றால் இன்ஷா அல்லாஹ் கட்டாயம் ஆகும், நான் பொறுப்பு என்று சொல்லியிருப்பேன்.

"தெரியா புள்ள" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை எழும்பிவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, கேற்றில் சாய்ந்து சிரித்தாள்.

"நல்லம் மிஸ்" என்றாள். "போயிட்டு வாங்க."